மேல்முறையீட்டின் எல்லைகள்

மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு வழக்கும் உண்டு. வழக்கைத் தீர்ப்பாரும் உண்டு. தீர்ப்பாரும் மக்களேயாதலின் அவர்தம் தீர்ப்புப் பிழைபடுதலும் கூடும். அப்பிழையைத் திருத்துமாறு அவரினும் மேலான மன்றத்தை அடைந்து வேண்டுதலே மேல்முறையீடு எனப்படும். பேச்சு வழக்கில் இதனை அப்பீல் என்பர். கீழ்மன்றத்தில் தோற்றவன் மேன்மன்றத்திற்குப் போகலாம் என்பதை யாவரும் அறிவர். ஆயின் எத்தனை நாளைக்குள் போகலாம், எதனைக் குறித்துப் போகலாம், எத்துணைப் படிகள் ஏறலாம் என்பவற்றை அறிந்தார் சிலரே. இவற்றை அறியாமையால் கைப்பொருளையும் உரிமையையும் ஒருங்கே இழந்தார் பலர் உளர்.

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் சட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையெனின், நீதியைப் பற்றி நம் மொழி பேசிய அளவு வேறு எதனைப் பற்றியும் பேசியதில்லை என்பது ஒன்று. நம் கல்லூரியிற் பயில்வார் பலர் துறைமுகத்தையும் ஆலைகளையும் மீன்பிடித் தொழிலையும் நம்பி வாழும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய ஊர்களினின்று வருகின்றவர் என்பது மற்றொன்று. கூலி, நட்டஈடு, குடியிருப்பு, கடற்கழி ஆகியவற்றின் பொருட்டு இவ்வூரார் நீதிமன்றப் படியேறாத ஆண்டு இல்லை. ஆதலின் மேல்முறையீட்டின் எல்லைகளை இடம், காலம், பொருள், கேள்வி என நால்வகையாகப் பகுத்து ஈண்டு ஆராய்வாம்.

பழைய நூல்களிற் காணும் முறையீடு

சிலப்பதிகாரத்தில் கோவலன் பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியனது கட்டளையாற் கொலையுண்டான். பின்னர்க் கண்ணகி அரசவை புகுந்து வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. தன் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்று அவள் மெய்ப்பித்தாள். அரசனும் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். இக்கதையைச் சட்டக் கண்கொண்டு நோக்குவார்க்கு இரண்டு செய்திகள் புலப்படும். சிலம்பின் உள்ளே இருந்தது யாது என்பது நிகழ்ச்சியைப் பற்றிய கேள்வி. அதனை முதல் விசாரணையிலேயே உடைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் அளித்த தண்டனையைப் பின் வந்த எந்த முறையீட்டாலும் மீட்க இயலவில்லை. முதல் மன்றம் செய்யத் தவறியதை மேல் மன்றம் எப்போதும் செய்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று வழக்கிட்ட முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். ஆயினும் வழக்கு அழியவில்லை. கிழிந்தது படியோலையேயாதலின், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன் மூல ஓலை வெளிவந்தது. சபையார் அதிலுள்ள எழுத்தைச் சுந்தரர்தம் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பு நோக்கித் தீர்ப்புரைத்தனர். சுந்தரர் அதற்குப் பணிந்தார். பின்னாளில் திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்தவரும் இவரே. ஊர்ச்சபையின் முடிவை முடிந்த முடிவாகக் கொள்ளுதற்குக் காரணம், அச்சபை ஆவணத்தை நேரிற் கண்டு ஆராய்ந்தமையே என்க.

திருமறையில் அப்போஸ்தலனாகிய பவுல், பெஸ்து என்னும் தேசாதிபதியின் முன் நின்று, தன் வழக்கை இராயனுக்கே அபயமிட்டான். உரோமக் குடியுரிமை உடையானொருவனுக்கு அவ்வுரிமை இருந்தது. ஆயின் அகிரிப்பா அரசன் பின்னர்க் கூறியது யாதெனின், இராயனுக்கு அபயமிடாதிருந்தால் இம்மனிதன் விடுதலை பெற்றிருப்பான் என்பதாம். ஆகவே மேல்முறையீடு எஞ்ஞான்றும் நன்மையே பயக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது நெடும் பயணம். காலமும் பொருளும் சில போழ்து விடுதலையும் அதன் விலையாகும்.

மேல்முறையீடு சட்டம் தந்த உரிமை

முதலில் மனத்திற் பதிய வைத்தற்குரிய உண்மை ஒன்று உண்டு. தனக்கு நேர்ந்த தீங்கிற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடுதல் ஒவ்வொருவர்க்கும் இயல்பாக உரிய உரிமை. அதனைச் சட்டம் தடுத்தாலன்றி வழக்கிடலாம். மேல்முறையீடோ அத்தன்மையதன்று. சட்டம் வெளிப்படையாக வழங்கினாலன்றி அவ்வுரிமை எவர்க்கும் இல்லை. இவ்வேற்றுமையை உச்சநீதிமன்றம் 1974-ஆம் ஆண்டில் தெளிவுறுத்தியது. எனவே, எம் வழக்கிற் பிழை நேர்ந்தது என்று கூறினால் மட்டும் மேன்மன்றத்தின் கதவு திறவாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு எமக்கு இவ்வழியைத் தந்தது என்று காட்டுதல் வேண்டும்.

வழிகள் பலவகைப்படும். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி முதல் மேல்முறையீட்டில் நிகழ்ச்சி, சட்டம் ஆகிய இரண்டையும் மேன்மன்றம் மீண்டும் ஆராயும். இரண்டாம் மேல்முறையீட்டிற் சட்டத்தை மட்டுமே ஆராயும். சீராய்வு என்பதில், கீழ்மன்றம் தனக்கு இல்லாத அதிகாரத்தைச் செலுத்தியதா, உள்ள அதிகாரத்தைச் செலுத்த மறுத்ததா, முறைகேடாகச் செலுத்தியதா என்பன மட்டுமே பார்க்கப்படும். தீர்ப்பளித்த மன்றமே தன் தீர்ப்பை மீண்டும் நோக்குதல் மறு ஆய்வு ஆகும். இவையன்றி அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றம் வழங்கும் பேராணைகளும் உள. படியேற ஏறக் கதவின் அகலம் குறைந்துகொண்டே செல்லும் என்பதை இவ்வரிசை காட்டும்.

1. இடத்தின் எல்லை

சென்னை உயர்நீதிமன்றத்தின் கோபுரம் துறைமுகத்தை நோக்கி நிற்கின்றது. 1894 முதல் 1977 வரை அதன் உச்சியிலேயே கலங்கரை விளக்கம் எரிந்தது. அவ்விளக்கின் ஒளி இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்ற வேறுபாடின்றிக் கடலோடிகள் எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. ஆயின் அவ்விளக்கின் கீழிருந்த மன்றத்தின் அதிகாரம் அங்ஙனம் பொதுவாயிருக்கவில்லை.

கீழ் அதிகாரிகளின் ஆணையை வரவழைத்துப் பார்த்து நீக்குதற்குச் செர்ஷியோராரி என்னும் பேராணை உண்டு. இதனை வழங்கும் அதிகாரம் 1800-ஆம் ஆண்டின் பட்டயத்தால் அமைந்த சென்னைச் சுப்ரீம் கோர்ட்டினின்று 1862-இல் நிறுவப்பட்ட உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. முன்னைய மன்றத்தின் அதிகாரம் பெரும்பாலும் சென்னை நகர எல்லைக்குள் அடங்கியதாதலின், பின்னைய மன்றத்திற்கும் அவ்வளவே கிடைத்தது. இதனை முடிவு செய்த வழக்கு 1943-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ந்தது. கஞ்சம் பகுதியிலுள்ள பர்லாகிமிடி ஜமீனைச் சேர்ந்த கராபந்தோ முதலிய ஊர்களின் குடியானவர்கள், தம் நிலத்தீர்வையை உயர்த்திய ஆணையை எதிர்த்தனர். அவ்வாணையைத் தந்த ரெவினியூ போர்டு சென்னை நகரில் இருந்தது. ஆகவே சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கலாமன்றோ என்பது அவர் வாதம். பிரிவி கவுன்சிலார் உடன்படவில்லை. அலுவலகம் நகரில் இருப்பது மட்டும் போதாது. வழக்கின் பொருளும் வழக்காடுவோரும் நகருக்கு அப்பாற்பட்டவராதலின் உயர்நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்றனர்.

இதன் விளைவை நம் ஊர்களில் வைத்துப் பார்ப்போமாக. இராயபுரம் சென்னை நகருக்குள் இருந்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் நகர எல்லைக்கு வெளியே இருந்தன. 2011-ஆம் ஆண்டிலேதான் அவை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆகவே 1943-ஆம் ஆண்டின் தீர்ப்பின்படி, ஒரே கடற்கரையில், நடந்து செல்லும் தூரத்தில் வாழ்ந்த இருவருள் ஒருவன் இப்பேராணையை வேண்டலாம், மற்றவன் வேண்டலாகாது. தீங்கு ஒன்றே, அதிகாரி ஒருவரே, ஊர் எல்லைக்கல் ஒன்றே வேற்றுமை.

1950 சனவரி 26 முதல் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு இக்கல்லைப் பெயர்த்தது. மாநிலத்தின் எல்லை முழுவதிலும் உயர்நீதிமன்றம் பேராணை வழங்கலாயிற்று. எனினும் இடத்தின் தடை உடனே முற்றும் ஒழிந்ததென்று எண்ணற்க. சென்னைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தகுதியைப் பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைத் தடுத்தது. 1953-இல் உச்சநீதிமன்றம், ஆணையத்தின் அலுவலகம் டில்லியில் இருத்தலின் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு அதன்மேல் அதிகாரம் இல்லை என்றது. பத்தாண்டுகளுக்கு முன் அலுவலகம் சென்னையில் இருந்தும் பயனில்லை என்றனர். இப்பொழுது அலுவலகம் சென்னையில் இல்லாமையாற் பயனில்லை என்றனர். 1963-இல் நிறைவேறிய பதினைந்தாம் திருத்தமே இக்குறையைத் தீர்த்தது. வழக்கிற்குரிய காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ எவ்விடத்தில் எழுந்ததோ அவ்விடத்து உயர்நீதிமன்றமும் ஆணையிடலாம் என்பது இப்போதைய நிலை. எண்ணூரில் நேர்ந்த தீங்கிற்கு எண்ணூரான் டில்லிக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது.

2. காலத்தின் எல்லை

இரண்டாவது எல்லை காலம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் தீர்ப்பின்மேல் உயர்நீதிமன்றத்திற்கு 90 நாளும் பிற மன்றங்களுக்கு 30 நாளும் மேல்முறையீட்டிற்கு உண்டு. தீர்ப்பின் படி பெறுதற்குச் செலவாகும் நாள்கள் இக்கணக்கிற் சேரா. போதிய காரணம் காட்டினால் மன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆயின் பொறுத்தல் மன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்தது, கேட்பவன் உரிமையன்று. தோற்றவுடன் செய்யத்தக்க முதற் காரியம் தீர்ப்பின் படிக்கு மனுச் செய்தலே என்பதை இதனால் அறிக.

காலவரையறையைப் பற்றி நம் துறைமுகமே ஒரு வழக்கைத் தந்துள்ளது. ஹிமான்ஷு இன்டர்நேஷனல் என்னும் வணிக நிலையம் தான் செலுத்திய துறைமுகக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டது. 1905-ஆம் ஆண்டின் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு வழக்கிடுதற்குக் குறுகிய காலமே தந்தது. அக்காலம் கடந்துவிட்டது என்று துறைமுகத்தார் வாதித்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1979-இல் உச்சநீதிமன்றம் அக்காலவரையறைக் கேள்வியைத் தீர்க்கவே மறுத்தது. குடிமகனின் நேர்மையான கோரிக்கையை ஒழித்தற்கு அரசும் பொது நிறுவனங்களும் இத்தகைய நுணுக்க வாதங்களை எழுப்புதல் தகாது என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளிற்று. அதே தீர்ப்பில், அங்ஙனம் வாதம் எழுப்பப்பட்டுச் சட்டப்படி நிலைக்குமாயின் மன்றம் அதனை ஏற்றே ஆகவேண்டும் என்பதும் சொல்லப்பட்டது.

இத்தீர்ப்பில் இரண்டு படிப்பினைகள் உள. மேல்முறையீட்டின் எல்லை சிறியோனை மட்டும் தடுப்பதன்று. பெரிய நிறுவனம் தன் வன்மையாற் படிப்படியாக ஏறிச் செல்லுதலையும் தடுக்கும். ஆயினும் மன்றத்தின் இரக்கத்தை நம்பிக் காலத்தை வீணாக்குதல் அறிவுடைமையாகாது.

3. பொருளின் எல்லை

மூன்றாவது எல்லை பணம். பிரிவி கவுன்சிலுக்கு ஓர் உரிமையியல் வழக்கு ஏறவேண்டுமாயின், பொதுவாக அதன் மதிப்பு 10,000 ரூபாய்க்குக் குறையாதிருத்தல் வேண்டும். 1949-இல் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் ஒழிந்தது. அரசியலமைப்பு அத்தொகையை 20,000 ரூபாயாக வைத்தது. இதன் பொருள் யாது? மாளிகையைப் பற்றிய வழக்கு மேலே செல்லும். குடிசையைப் பற்றிய வழக்கு கீழேயே நிற்கும். குடிசையை இழப்பவன் தனக்குள்ளது அனைத்தையும் இழக்கின்றான் என்பதை இக்கணக்கு நோக்கவில்லை. 1972-இல் நிறைவேறிய முப்பதாம் திருத்தம் இப்பண அளவை நீக்கியது. உச்சநீதிமன்றத்தின் முடிவை வேண்டும் பொது முக்கியத்துவமுடைய சட்டக் கேள்வி உளதா என்பதே அதற்கு ஈடாக வந்த அளவுகோல்.

எனினும் பணத்தைக் குறித்த எல்லைகளுள் எளியாரைக் காப்பனவும் உண்டு. 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலினின்று சுமை இறக்குவோர், ஆலைப் பொறியிற் கையிழந்தோர் முதலாயினோர்க்கும், இறந்தாரின் குடும்பத்தார்க்கும் ஆணையாளர் நட்டஈடு விதிப்பதற்கு அச்சட்டம் வழிசெய்தது. அதன் 30-ஆம் பிரிவு, கருதத்தக்க சட்டக் கேள்வி இருந்தாலன்றி உயர்நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு இல்லை என விதித்தது. அன்றியும் முதலாளி மேல்முறையீடு செய்யின், விதிக்கப்பட்ட தொகையை முன்னரே ஆணையாளரிடம் கட்டிவிட்டு, கட்டியதற்குச் சான்றிதழும் இணைத்தல் வேண்டும் என்றது. கணவனை இழந்த ஒருத்தியை ஆண்டுக்கணக்கில் அலையவிட்டு, அவள் களைத்துப் பாதித் தொகைக்கு இசையுமாறு செய்தற்கு மேல்முறையீட்டை ஒரு கருவியாக்கலாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

ஆகவே எல்லை என்றவுடன் அதனைக் கொடுமை என்று கொள்ளுதலும், உரிமை என்றவுடன் அதனை நன்மை என்று கொள்ளுதலும் தவறாகும். எல்லை எவரைத் தடுக்கின்றது, எவரைக் காக்கின்றது என்று நோக்கியே அதன் நன்மை தீமைகளை அளத்தல் வேண்டும்.

4. கேள்வியின் எல்லை

எல்லைகளுள் மிகப் பெரியதும் பலர் உணராததும் இதுவே. நிகழ்ந்தது யாது என்பது நிகழ்ச்சிக் கேள்வி. நிகழ்ந்ததற்குச் சட்டம் கூறும் பயன் யாது என்பது சட்டக் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். இராயபுரத்தில் ஒரு வீட்டைப் பற்றி அண்ணனும் தம்பியும் வழக்காடுகின்றனர் எனக் கொள்க. தந்தையார் விடுதலைப் பத்திரத்திற் கையெழுத்திட்டாரா என்பது நிகழ்ச்சிக் கேள்வி. கையெழுத்திட்டார் எனின், அப்பத்திரத்தின் சொற்கள் தம்பியின் பங்கை ஒழிக்குமா என்பது சட்டக் கேள்வி. முன்னதை முன்சீப் மன்றமும் முதல் மேல்முறையீட்டு மன்றமும் முடிவு செய்தபின், உயர்நீதிமன்றம் பொதுவாக அதனைத் தொடாது. பின்னதை மட்டுமே தொடும்.

1976-இல் திருத்தப்பட்ட 100-ஆம் பிரிவு, இரண்டாம் மேல்முறையீட்டிற்குக் கருதத்தக்க சட்டக் கேள்வி வேண்டும் என்கின்றது. அக்கேள்வியை உயர்நீதிமன்றம் தொடக்கத்திலேயே வகுத்துரைத்தலும் வேண்டும். எது கருதத்தக்கது? இதற்கு விடை பகர்ந்தோருள் நம் சென்னை உயர்நீதிமன்றத்தாரும் உளர். 1951-இல் அதன் முழு ஆயம் கூறியதன் சாரம் இது: இருபக்கமும் வாதிட இடமுள்ளதாய், கருத்து வேறுபாட்டிற்கு இடமளிப்பதாய் உள்ள கேள்வியே கருதத்தக்கது, முன்னரே முடிவாகிவிட்ட கொள்கையை இவ்வழக்கின் நிகழ்ச்சிகளுக்குப் பொருத்துவது மட்டுமாயின் அது கருதத்தக்கதன்று. இவ்விளக்கத்தை 1962-இல் உச்சநீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

பேராணைக்கும் இவ்வெல்லை உண்டு. இதனைத் தெளிவாக்கிய வழக்குகளுள் இரண்டு, தமிழ்நாட்டுப் பேருந்து அனுமதிகளால் எழுந்தவை என்பது வியப்பு. கும்பகோணத்து இராமன் அண்டு இராமன் கம்பெனி தொடர்பான வழக்கில், உயர்நீதிமன்றம் போக்குவரத்து அதிகாரியின் முடிவை நீக்கியதோடு நில்லாமல் அனுமதியையும் வழங்குமாறு கட்டளையிட்டது. 1952-இல் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. பேராணை அதிகாரம் எத்துணை விரிந்ததாயினும், அதனைக் கொண்டு உயர்நீதிமன்றம் தன்னை மேல்முறையீட்டு மன்றமாக ஆக்கிக்கொள்ளலாகாது என்றது. 1963-இல் சென்னை-சித்தூர்த் தடத்தின் அனுமதிகளைப் பற்றிய சையது யாக்கூப் வழக்கிலும் இக்கருத்தே வலியுறுத்தப்பட்டது. ஏற்கத்தக்க சான்றை ஏற்க மறுத்தாலோ, ஏற்கத்தகாத சான்றை ஏற்றாலோ, சான்றே இல்லாமல் முடிவு கூறினாலோ பேராணை பிறக்கும். சான்று போதுமா போதாதா என்பதைப் பேராணை மன்றம் நிறுத்துப் பாராது.

எண்ணூர் தரும் பாடம்

மேற்கூறியவை அனைத்தும் ஏட்டளவில் நில்லாது, இன்று நம் கண்முன் நிற்கும் இடம் எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருவெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திற் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன, மீன்பிடி நின்றது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரித்தது.

இத்தீர்ப்பாயம் 2010-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. ஒரு தொழிற்சாலைக்கு வழங்கிய சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க விரும்புவோர்க்கு அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு 30 நாள் தருகின்றது. போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை நீட்டலாம். அதற்குமேல் நீட்டுதற்குத் தீர்ப்பாயத்திற்கே அதிகாரம் இல்லை. உரிமையியல் மன்றத்தில் தாமதத்தைப் பொறுக்கும் கதவு சாத்தியிருக்கும். ஈண்டோ 91-ஆம் நாளிற் பூட்டியே இருக்கும். கடலுக்குச் சென்று உழைப்பவன் காதிற் செய்தி விழுமுன் இக்காலம் கழிந்துவிடுதல் அரிதன்று. மேலும் தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உச்சநீதிமன்றம் செல்வதற்கு 22-ஆம் பிரிவு 90 நாள் தருகின்றது. ஆயின் மேலே சொன்ன 100-ஆம் பிரிவின் அளவுகோலே அங்கும் வேண்டப்படும். அஃதாவது எத்துணை எண்ணெய் பரவிற்று, எத்தனை வலைகள் கெட்டன, எவர் நோயுற்றனர் என்பனவெல்லாம் பெரும்பாலும் தீர்ப்பாயத்திலேயே முடிந்துவிடும்.

உயர்நீதிமன்றத்தின் வழி முற்றும் அடைபட்டதோ எனின், இல்லை. தீர்ப்பாயங்களின் முடிவுகள் உயர்நீதிமன்றத்தின் பேராணை அதிகாரத்திற்கு உட்பட்டவையே என்று 1997-இல் உச்சநீதிமன்றம் கூறியது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அவ்வதிகாரத்தைப் பறிக்கவில்லை என்று 2022-இல் மீண்டும் உறுதி செய்தது. ஆயினும் அவ்வழியிலும் பேருந்து வழக்குகளிற் கண்ட எல்லை நிற்கும். வழி உண்டு, அகலம் குறைவு.

எல்லை ஏன் வேண்டும்?

எல்லையே வேண்டா என்பாரும் உளர். பிழைபட்ட தீர்ப்பு எதுவாயினும், எத்தனை முறையாயினும் திருத்தப்படுதலே நீதி என்பது அவர் கூற்று. கேட்பதற்கு இனிதாயினும் இது நடைமுறைக்கு ஒவ்வாது. முதலாவது, வழக்கிற்கு முடிவு வேண்டும். முடிவில்லாத வழக்கில் வென்றவனும் வெற்றியின் பயனைக் காண்பதில்லை. இரண்டாவது, படிகள் மிகுந்தால் பொருளுடையானே இறுதிவரை ஏறுவான். இல்லாதவன் இரண்டாம் படியிலேயே அமர்ந்துவிடுவான். மூன்றாவது, சாட்சியின் முகத்தையும் குரலையும் தயக்கத்தையும் நேரிற் கண்டவர் முதல் நீதிபதியே. தாளில் எழுதியதை மட்டும் படிக்கும் மேல் நீதிபதி நிகழ்ச்சியை அவரினும் நன்கு அறிவார் எனல் பொருந்தாது.

எனினும் இக்காரணங்கள் நேரியனவாதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பது எம் துணிபு. மேற்கதவு குறுகியிருக்க வேண்டுமாயின் கீழ்க்கதவு அகன்றிருத்தல் வேண்டும். நிகழ்ச்சியைப் பற்றிய முடிவு முதல் மன்றத்திலேயே உறுதியாகிவிடும் எனின், முதல் மன்றத்தில் எளியவன் நல்ல வழக்கறிஞரின்றி, ஆவணமின்றி, தன் மொழியில் விளக்குவாரின்றி நிற்றல் பெருந்தீங்காகும். பின்னர் எத்துணைப் பெரிய வழக்கறிஞரை அமர்த்தினும் முன்னர்ப் பதிவாகாத சான்றை அவர் படைத்துவிட இயலாது. மேல்முறையீட்டிற்குச் செலவிடும் பொருளிற் பாதியை முதல் விசாரணையிற் செலவிடுதலே அறிவு என்று சொல்லத் தோன்றுகின்றது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு துணை உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, கட்டணமின்றிச் சட்ட உதவி பெறத்தக்கோரை வகுத்துரைக்கின்றது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், வெள்ளம் முதலிய பேரிடராலும் தொழிற்சாலை விபத்தாலும் துன்புற்றோர் ஆகியோர் அவ்வரிசையில் உளர். நம் கடற்கரை ஊர்களில் இவ்வரிசைக்குள் அடங்காத வீடு அரிது. ஆயினும் இவ்வுரிமையை அறிந்து, முதல் நாளிலேயே கேட்டுப் பெறுவார் மிகச் சிலர்.

ஆகலின் கல்வி பெறும் நமக்கு உரிய கடமை எளிதும் தெளிவுமாம். வழக்கறிஞராவார் நம்முள் சிலரே. ஆயின் அண்டை வீட்டாரின் கூலிச் சீட்டையும் மருத்துவச் சீட்டையும் வாடகை இரசீதையும் பத்திரப்படுத்தச் சொல்லுதல் எவர்க்கும் இயலும். வந்த அறிவிப்பைப் படித்துப் பொருள் கூறி, கெடு நாளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிற் குறித்துக் கொடுத்தலும் இயலும். தீர்ப்பு வந்த அன்றே படிக்கு மனு எழுதித் தருதலும், இலவசச் சட்ட உதவி நிலையத்தின் வழியைக் காட்டுதலும் இயலும். உடைத்துப் பார்க்காத சிலம்பு ஒன்று ஓர் உயிரையும் ஒரு நகரையும் கொண்டுபோயிற்று. நம் ஊராரின் சிலம்பு முதல் மன்றத்திலேயே உடைத்துப் பார்க்கப்படுமாறு துணைநிற்றல் கற்றோர் கடன். அக்கடனை ஆற்றுதற்கு வேண்டும் அறிவையும் அன்பையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.